சேர் வந்தால் அணையும் திரை

போன மார்கழியில் என் லெப்டொப்பின் திரைக்கு வாதம் வந்தது. முதல் நாள் ஓரமாக ஒரு பச்சைக் கோடு. மறுநாள் அதற்குத் துணையாக ஒரு சிவப்பு. வார முடிவில் திருவிழாவுக்குச் சோடித்த கோயில் முகப்பு மாதிரி பல வண்ணத்தில் மின்னிவிட்டு அப்படியே கறுத்துப் போனது. அதன் தலையில் இருந்த கெமராவும் கூடவே கண்ணை மூடியது. உள்ளே மூளை நன்றாகத்தான் இருந்தது, முகம்தான் போய்விட்டது. என்னைப் பற்றி என் மனைவி சொல்வது இதற்கு நேர்மாறு.

கொழும்பு ஹெட் ஒபிஸில் கம்ப்யூட்டர்களைப் பார்த்துக்கொள்ளும் மிஸ் ஒருவர் இருக்கிறார். கெட்ட செய்தியைச் சிங்களத்தில் மிக இனிமையாகச் சொல்லக்கூடியவர். லெப்டொப்பை அனுப்புங்கள், திருத்தச் சில வாரம் ஆகும் என்றார். சரி என்றேன். அதுவரை உங்களுக்கு இங்கே ஒரு மேசை தருகிறோம், நீங்களும் கூடவே வந்துவிடுங்கள் என்றார். யோசித்துச் சொல்கிறேன் என்று அவசரமாகப் போனை வைத்தேன்.

அதற்குக் காரணம் உண்டு. நான் வட்டகொடைக்கு மேலே ஒரு தோட்டத்து பெக்டரி ஒபிஸில் பல வருஷம் கிளாக்கராக இருந்தவன். பிறகு கம்பனி எல்லாத் தோட்டத்துக் கணக்கையும் கொழும்புக்கு இழுத்துக்கொண்டது. கணக்கோடு என்னையும் இழுத்தது. கொட்டாஞ்சேனையில் ஒரு போர்டிங் அறையில் நாலு வருஷம் கிடந்தேன். அந்த அறையின் ஒரே ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர் தெரியும். மூடினால் நாங்கள் மூன்று பேரும் வேகுவோம். ஒருவர் தூக்கத்தில் பேசுவார், இன்னொருவர் தூக்கத்தில் அவருக்குப் பதில் சொல்வார். நடுக்கட்டில் என்னுடையது. மலையில் பிறந்து குளிரில் ஊறியவனை அந்தப் புழுக்கத்தில் போடுவது, குளிர்நாட்டுக் கோவா நாற்றைக் கொண்டுபோய் மன்னார் வெயிலில் நடுவது மாதிரி.

அப்புறம் ஊரெங்கும் நோய் வந்தது, எல்லாரும் வீட்டிலிருந்தே வேலை செய்யுங்கள் என்றார்கள். நோய் போனதும் ஒவ்வொருவராகத் திரும்பக் கூப்பிட்டார்கள். என்னை மறந்துவிட்டார்கள். மறந்தவர்களுக்கு ஞாபகப்படுத்தக் கூடாது என்பதுதான் என் உத்தியோக வாழ்க்கையின் ஒரே கொள்கை. மாதக் கணக்கை ஒரு நாள்கூடப் பிந்தாமல் அனுப்பினேன். லீவு கேட்கவில்லை, சம்பள உயர்வும் கேட்கவில்லை. செத்தவன் மாதிரி ஒழுங்காக இருந்தேன். இப்போது ஒரு திரை செத்து என்னைக் காட்டிக்கொடுக்கப் பார்த்தது.

என் மனைவி தோட்டத்துப் பிள்ளைமடுவத்தில் வேலை செய்கிறாள். கொழுந்தெடுக்கப் போகும் தாய்மார் தங்கள் குழந்தைகளை விட்டுப்போகும் இடம் அது. பகல் முழுக்க இருபது குழந்தைகளைச் சமாளித்துவிட்டு வருகிறவளுக்கு என்னைச் சமாளிப்பது பெரிய காரியமில்லை. விஷயத்தைக் கேட்டுவிட்டுத் துவாயை உதறிக் கொடியில் போட்டபடி சொன்னாள்.

“இன்னொருக்கா கொழும்புக்குப் போறதா இருந்தா சொல்லிட்டுப் போங்க. ஆனா மூட்ட கட்டித் தரமாட்டேன். போன தடவ கட்டுன கை இன்னும் வலிக்குது.”

அவள் கை வலியைச் சொல்லவில்லை என்று எனக்குத் தெரியும். அந்த நாலு வருஷமும் ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் வட்டகொடை ஸ்டேஷனில் என்னை ரயிலேற்றிவிட்டு அவள் தனியாக மேடு ஏறிப் போவதை, கொட்டகலை தாண்டும்வரை நான் நினைத்துக்கொண்டு போயிருக்கிறேன்.

ஆகவே மிஸ்ஸிடம், வேண்டாம், இங்கேயே ஒரு ஏற்பாடு செய்துகொள்கிறேன் என்றேன். வீட்டில் ஒரு பழைய பெரிய மொனிட்டர் கிடந்தது. ஆனால் லெப்டொப்பில் உருப்படியாக இருந்தது ஒரே ஒரு துவாரம், சார்ஜ் ஏற்றும் அந்தச் சின்ன முட்டை வடிவத் துவாரம். அந்த ஒரு வாய் வழியாகவே மின்சாரம் சாப்பிட்டு, மொனிட்டரில் படம் காட்டி, கீபோர்ட், மவுஸ், வெளிக் கெமரா எல்லாவற்றோடும் பேச வேண்டும் என்றால் டொக்கிங் ஸ்டேஷன் என்ற ஒரு சாதனம் வேண்டுமாம். பார்த்தால் சோப்புப் பெட்டிக்கு வால் முளைத்த மாதிரி இருக்கும். வாலை லெப்டொப்பில் சொருகினால், மற்ற எல்லாம் பெட்டியில் வந்து சொருகிக்கொள்ளும்.

கம்பனி அங்கீகரித்த டொக் ஒன்று உண்டு, அது கொழும்பு மேசைகளுக்கு மட்டும்தான் என்றார் மிஸ். வெளியே வாங்குவதெல்லாம் தேர்ட் பார்ட்டி. அதனால் எது நடந்தாலும் நாங்கள் பொறுப்பில்லை என்றும் சொன்னார்.

“தேர்ட் பார்ட்டின்னா ஆட்டோவுக்கு இன்சூரன்ஸ் போடுவாங்களே, அதுவா?” என்று மனைவி கேட்டாள்.

அதேதான் என்றேன். நம்ம வண்டி நொறுங்கினால் நம்ம தலையில்.

ஹட்டனில் போன், வயர், சார்ஜர் விற்கும் முஸ்லிம் கடைக்காரர் ஒருவர் எனக்குப் பழக்கம், நானா என்றுதான் கூப்பிடுவேன். ஒரு சனிக்கிழமை ரயிலேறிப் போய் நிலைமையைச் சொன்னேன். அவர் கண்ணாடி அலமாரியிலிருந்து ஒரு பெட்டியை எடுத்து, குழந்தையைக் காட்டுவது மாதிரி இரண்டு கையிலும் ஏந்திக் காட்டினார். கம்பனி டொக்கும் இதுவும் ஒரே வேலைதான் செய்யும், அது பெயரைச் சொல்லி விற்கிறது, இது பெயரே இல்லாமல் விற்கிறது, அவ்வளவுதான் வித்தியாசம் என்றார். பெட்டியில் உண்மையிலேயே பெயர் இல்லை. ஒரு நட்சத்திரமும் சில சீன எழுத்தும் இருந்தன.

வீட்டுக்கு வந்து சொருகினேன். மொனிட்டர் விழித்தது. கெமரா விழித்தது. லெப்டொப்பை மூடி மேசை மூலையில் வைத்துவிட்டு, பெரிய திரையில் என் கணக்குகளைப் பார்த்தபோது எனக்கே ஒரு தொரைத்தனம் வந்துவிட்டது. தோட்டத்தில் மேனேஜரைத் தொரை என்போம். அந்த நாற்காலிகூடத் தொரைத்தனமானதுதான். தலவாக்கலையில் மூடிப்போன ஒரு பைனான்ஸ் கம்பனி கழித்துக் கட்டிய சக்கர நாற்காலி. உட்கார்ந்தால் புஸ்ஸென்று இறங்கும், எழுந்தால் புஸ்ஸென்று ஏறும். தை மாதத்து வறண்ட குளிர் மேசைக்கடியில் காலைக் கடிக்கும் என்பதால், இடுப்பிலிருந்து கால்வரை ஒரு கம்பளியைச் சுற்றிக்கொள்வேன். பழைய காலத்து முரட்டுக் கம்பளி இல்லை, பஞ்சு மாதிரி மெதுவான, புலி படம் போட்ட வெளிநாட்டுச் சரக்கு. மேலே வெள்ளைச் சட்டை, கீழே இடுப்பில் கட்டிய சாரமும் புலியும். கெமராவுக்குத் தெரிவது வெள்ளைச் சட்டை மட்டும்.

அந்த நாட்களில் மனைவி ஒரு புகார் சொல்ல ஆரம்பித்தாள். டீ கொண்டுவந்து கொடுக்கும்போது என் விரல் பட்டால் அவளுக்குச் சுள்ளென்று ஷொக் அடிக்கிறதாம். கலியாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் அப்படியா என்று நான் மீசையைத் தடவினேன். அவள் டீக் கோப்பையை மேசையில் தள்ளிவைக்கப் பழகிக்கொண்டாள்.

இன்னொரு விஷயமும் கவனித்தேன், ஆனால் பெரிதாக எடுக்கவில்லை. நான் எழுந்து வெளியே போய்விட்டு வந்தால் திரை இருண்டிருக்கும். ஒரு பட்டனைத் தட்டினால் விழித்துக்கொள்ளும். எஜமான் போனதும் தானும் கண்ணயர்கிறது, நல்ல பிராணி என்று நினைத்துக்கொண்டேன்.

திங்கட்கிழமை காலையில் கணக்குப் பிரிவுக்கு வீடியோ கூட்டம். எங்கள் மேலதிகாரி கடைசியாகத்தான் உள்ளே வருவார். என்னைவிட வயதில் குறைந்தவர், வெளிநாட்டில் படித்தவர், தன்னைப் பெயர் சொல்லியே கூப்பிடச் சொல்லுவார். கொழும்புப் பிள்ளைகள் கூப்பிடுகிறார்கள். எனக்கு நாக்கு வராது. சேர் என்றுதான் வரும்.

அன்றைக்கு எல்லாரும் வந்து பேசிக்கொண்டிருந்தார்கள். என் படம் பளிச்சென்று தெரிகிறது என்று ஒருத்தி சொன்னாள். அப்புறம் சேரின் முகம் திரையில் வந்தது. நான் உரிய மரியாதையோடு குட் மோர்னிங் சேர் என்றேன். குட் மோர்னிங் வரைக்கும்தான் போயிருக்கும். திரை பட்டென்று அணைந்தது.

வாலைப் பிடுங்கிச் சொருகி, லெப்டொப்பைத் திறந்து மூடி, முருகனைக் கூப்பிட்டு, மறுபடி உள்ளே போவதற்குள் கூட்டம் முடிந்து எல்லாரும் கையாட்டிக்கொண்டிருந்தார்கள். பிறகு ஒரு சிநேகிதர் போனில் செய்தி அனுப்பினார். தான் வந்தவுடன் நான் எங்கே ஓடினேன் என்று சேரே கேட்டாராம்.

அடுத்த திங்கள் புது வயரோடு உட்கார்ந்தேன். மற்றவர்களோடு சிரித்துப் பேசும்வரை ஒரு குறையும் இல்லை. சேர் வந்தார். திரை போனது.

அன்று பின்னேரம் மிஸ்ஸின் அழைப்பு வந்தது. குரல் வழக்கத்தைவிட இனிமையாக இருந்ததால் எனக்கு முன்கூட்டியே வியர்த்தது. தேர்ட் பார்ட்டியைப் பற்றி அன்றைக்கே சொன்னேனே என்றார். அப்புறம் சேரின் முடிவைச் சொன்னார். அடுத்த கூட்டத்திலும் நான் இப்படி மறைந்தால், வரும் மாதம் முதல் லெப்டொப்பும் நானும் கொழும்பில் இருக்க வேண்டும். நிரந்தரமாக.

என் பயத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்ல வேண்டும். சாதாரண மனுஷனுக்குப் பயம் வந்தால் யோசனை நிற்கும். எனக்குப் பயம் வந்தால்தான் யோசனையே ஆரம்பிக்கும். டொக் மற்ற எல்லாரோடும் ஒழுங்காக இருந்துவிட்டு, சேர் வரும்போது மட்டும் ஏன் சாகிறது? சேரின் கம்ப்யூட்டர் பெரியது, அதிகாரமுள்ளது. அது கூட்டத்துக்குள் வந்ததும் எல்லாருடைய மேசையையும் ஒரு சுற்றுப் பார்க்கிறது. என் மேசையில் பெயரில்லாத டொக்கைக் கண்டதும் அதன் கழுத்தைப் பிடித்து நெரிக்கிறது. இதை நான் மனைவியிடம் படம் வரைந்து விளக்கினேன். ஒரு முன்னேற்பாடாக டொக்கைச் சீனி டின்னுக்குப் பின்னால் மறைத்தும் வைத்தேன். சீனிக்கு எறும்பு வந்தது.

மறுபடி ஹட்டனுக்கு ஓடினேன். நானா பொறுமையாகக் கேட்டுவிட்டுத் தாடியைச் சொறிந்தார்.

“சொல்லுங்க ஐயா, வேற யாரு வந்தாலும் போறதில்லயா?”

“இல்ல நானா. சேர் வந்தா மட்டுந்தான்.”

“அப்ப இது டொக்குக்கு வந்த வருத்தமில்ல. யாரு மொதலாளி, யாரு தொழிலாளின்னு அதுக்கெங்க தெரியும்? அது சீனாவுல பொறந்தது.”

சொல்லிவிட்டு, என் முகத்தைப் பார்த்துப் பாவப்பட்டு, வேறொரு டொக்கை மாற்றிக் கொடுத்தார். இதில் நட்சத்திரத்துக்குப் பதிலாகப் பிறை இருந்தது.

அந்தச் சனிக்கிழமை ஒத்திகை வைத்தோம். மனைவியை அவளுடைய போனோடு குசினிக்கு அனுப்பினேன். அவள்தான் சேர். நான் மேசை முன்னால் புலிக்கம்பளி சகிதம் உட்கார்ந்தேன். அவள் கூட்டத்துக்குள் வந்து, பின்னால் ரைஸ் குக்கர் தெரிய, முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு, கணக்கு எல்லாம் முடிஞ்சுதா என்று அதட்டினாள். முடிந்தது சேர் என்றேன். டொக் அசையவில்லை. வெளியே போய்த் திரும்ப வரச் சொன்னேன். வந்தாள். அசையவில்லை. குரலை இன்னும் கட்டையாக வைத்துக்கொள்ளச் சொன்னேன். எனக்கு அரிசி போடணும் என்று சேர் கூட்டத்தை விட்டுப் போய்விட்டார்.

ஒத்திகையில் எல்லாம் ஒழுங்காக நடந்ததால் என் பயம் இரண்டு மடங்கானது. காரணம் தெரிந்த வியாதிக்குத்தானே மருந்து உண்டு. நான் மேசை முன்னால் தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தேன். மனைவி அரிசியைப் போட்டுவிட்டு வந்து கதவோரம் நின்றாள். அந்த நேரம் பார்த்து மேசை மேலிருந்த என் போன் அடித்தது. திரையில் சேரின் பெயர்.

எடுத்தேன். சேர் நல்லவர்தான். திங்கட்கிழமை தயாரா, அந்தப் பிரச்சினை தீர்ந்ததா என்று தன்மையாகத்தான் கேட்டார். யெஸ் சேர், தீர்ந்துவிட்டது சேர் என்றேன். சொல்லிக்கொண்டே மொனிட்டரைப் பார்த்தேன். கறுப்பு.

சேர் போனை வைத்தார். நான் வைக்கவில்லை, காதிலேயே பிடித்துக்கொண்டிருந்தேன். போனில் கூப்பிட்டாலே செத்துவிடுகிறது, இது வெறும் டொக் வியாதி இல்லை, செய்வினை என்றேன். மனைவி என்னைப் பார்க்கவில்லை. தரையில் கிடந்த புலியைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

“ஏங்க, நீங்க எதுக்கு எந்திரிச்சீங்க?”

“யாரு எந்திரிச்சா?”

“இப்ப நிக்கிறது யாரு?”

குனிந்து பார்த்தேன். நின்றுகொண்டிருந்தேன். சாரத்தை இறக்கிவிட்டு, குதிகால் இரண்டையும் சேர்த்து, இடது கையை நெஞ்சருகே வைத்துக்கொண்டு நின்றேன். எழுந்தது எனக்கு ஞாபகமே இல்லை.

தோட்டத்து ஒபிஸில் வேலை பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்குச் சொல்கிறேன். தொரையின் ஜீப் சத்தம் வளைவில் கேட்கும்போதே நாங்கள் பேனையை வைத்துவிடுவோம். அவர் வாசலில் கால் வைக்கும்போது ஒபிஸ் முழுக்க நிற்கும். எங்கள் பெரிய கிளாக்கர் இன்னும் ஒரு படி மேலே போவார். தொரை போனில் கூப்பிட்டாலும் எழுந்து நின்று, மப்ளரைக் கழுத்திலிருந்து எடுத்துவிட்டுத்தான் பேசுவார். நாங்கள் அவருக்குப் பின்னால் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்போம். ஒரு நாள் போனில் தப்பான நம்பர் வந்தபோதும் நின்றே பேசினார். அதை நடித்துக்காட்டிப் பல கலியாண வீடுகளில் பேர் வாங்கியவன் நான்.

“திங்கக்கெழமயும் எந்திரிப்பீங்க. நா டீய வச்சிட்டு மடுவத்துக்குப் பொறப்படறப்ப பாத்திருக்கேன். அவரு மூஞ்சி வந்ததும் துள்ளிக்கிட்டு எந்திரிப்பீங்க. சரி, மரியாத தானேன்னு விட்டுட்டேன்,” என்றாள் மனைவி. “இப்ப உக்காருங்க.”

உட்கார்ந்தேன். பட்டனைத் தட்டித் திரையை எழுப்பினேன். கம்பளியை எடுத்துச் சுற்றிக்கொள்ளச் சொன்னாள். சுற்றிக்கொண்டேன்.

“எந்திரிங்க.”

எழுந்தேன். கம்பளி நாற்காலியில் உரசிக்கொண்டு சரிந்தது, நாற்காலி புஸ்ஸென்றது, திரை அணைந்தது.

அவள் பிள்ளைமடுவத்துக் குரலுக்கு மாறிவிட்டாள். உக்காருங்க, எந்திரிங்க, உக்காருங்க, எந்திரிங்க. ஒவ்வொரு தடவையும் போனது. அப்புறம் என் தோளைத் தொட்டாள். சுள்ளென்று சத்தமே கேட்டது. இந்தப் பனிக்காலத்தில் குழந்தைகளுக்கு நைலோன் சுவெட்டரைத் தலைவழியாகக் கழற்றினால் இதே சத்தம்தான் வருமாம், முடியெல்லாம் எழுந்து நிற்குமாம், சிலது அழுமாம். நீங்க அழாதது ஒண்ணுதான் வித்தியாசம் என்றாள்.

எனக்கு வெட்கமாகவும் சிரிப்பாகவும் வந்தது. கம்பளியும் நாற்காலியும் உரசி என் உடம்பில் ஏறுகிற அந்தச் சொட்டு மின்சாரம் நான் துள்ளி எழும்போது வயர் வழியாக டொக்கைத் தீண்டியிருக்கிறது. பெயரில்லாத டொக்குக்கு அதைத் தாங்கும் கவசம் உள்ளே இல்லை, ஒரு நொடி மயங்கி விழும். மயங்கினால் மூடியிருக்கும் லெப்டொப் மொனிட்டரைக் காணவில்லை என்று தானும் தூங்கிவிடும். டீ குடித்துவிட்டு வரும்போதெல்லாம் தூங்கிக்கொண்டிருந்த நல்ல பிராணியின் கதையும் அதுதான். மனைவி குசினியிலிருந்து சேராக நடித்தபோது மட்டும் ஏன் ஒன்றும் ஆகவில்லை என்று யோசித்தேன். எங்கள் வீட்டில் மனைவிக்காகப் புருஷன் எழுந்து நிற்கும் வழக்கம் இல்லை.

இதை நான் வாய்விட்டும் சொல்லித் தொலைத்தேன். அவள் அரிசி வெந்துவிட்டதா என்று பார்க்கப் போனாள்.

ஞாயிறு முழுக்கப் பரிகாரம் தேடினோம். கம்பளியை விட்டுப் பார்த்தேன், நாற்காலி தனியாகவே அந்த வேலையைச் செய்தது. குசினி மர ஸ்டூலைப் போட்டேன். டொக் பிழைத்தது, ஆனால் ஸ்டூல் குள்ளம், கெமராவில் என் நெற்றியும் விபூதியும் மட்டும் தெரிந்தன. இரண்டு தலையணையை ஸ்டூலில் அடுக்கி ஏறி உட்கார்ந்தேன். கணக்கை விளக்கும்போது சரிந்தேன். ஆக வழி ஒன்றே ஒன்றுதான். அதே நாற்காலியில், சேர் வரும்போது, எழும்பாமல் உட்கார்ந்திருக்க வேண்டும்.

கேட்க எளிது. ஆனால் என் காலுக்கு என் பேச்சு கேட்காது. மனைவி அவளுடைய பழைய சேலையால் என்னை நாற்காலியோடு கட்டினாள். பிறகு நான் எதிர்பார்க்காத நேரம் வாசலில் போய் நின்று, “தொரை வாறாரு,” என்று மெதுவாகச் சொன்னாள். என் கால்கள் தரையை உதைத்தன. நான் எழவில்லை. நாற்காலி சக்கரத்தோடு பின்னால் ஓடி, என்னைக் கொண்டுபோய்க் குசினிக் கதவில் முட்டியது. கெமராவில் பார்த்திருந்தால், மரியாதைக்காகத் தூரத்துக்குப் போகிற ஒரு மனுஷன் தெரிந்திருப்பான்.

திங்கட்கிழமை அவள் பிள்ளைமடுவத்தில் ஒரு மணித்தியாலம் லீவு சொல்லிவிட்டு வந்தாள். கம்பளி இல்லை. சேலைக் கட்டு இருந்தது. அவள் மேசைக்கடியில், கெமராவுக்கு எட்டாத இடத்தில் தரையில் உட்கார்ந்து, ஒரு கையால் நாற்காலியின் காலைப் பிடித்துக்கொண்டாள். மற்றக் கையை என் முழங்காலில் வைத்து அழுத்தினாள். கைபட்டதும் ஒரு சுள். இருவரும் பல்லைக் கடித்தோம்.

மற்றவர்கள் வந்தார்கள். ஒருத்தி, அண்ணே இன்றைக்கு ஏன் இவ்வளவு நேராக உட்கார்ந்திருக்கிறீர்கள் என்று கேட்டாள். முதுகு வலி என்றேன். பிறகு சேரின் முகம் வந்தது.

தொடையில் ஆரம்பித்தது. ஜீப் வளைவில் திரும்புகிற மாதிரி ஒரு நடுக்கம், இடுப்புக்கு ஏறி முதுகில் நின்றது. உட்கார்ந்தபடி இருப்பது அவரை முகத்துக்கு நேரே திட்டுவது போலிருந்தது. பெரிய கிளாக்கர் எங்கிருந்தோ மப்ளரைக் கையில் பிடித்துக்கொண்டு என்னைப் பார்ப்பதாகப் பட்டது. கால் பெருவிரல் தரையை ஊன்றியது. சேலை இறுகியது. மேசைக்கடியில் மனைவி முழங்காலுக்கு மேல் சதையைப் பிடித்துத் திருகினாள். குழந்தைகளைத் திருகிப் பழகிய கை இல்லை, எனக்காகவே கண்டுபிடித்த திருகு அது.

“குட் மோர்னிங் சேர்,” என்றேன். முழுவதும் வந்தது. திரை எரிந்துகொண்டிருந்தது.

சேர் ஒரு நிமிஷம் என்னையே பார்த்தார். உங்களை இன்றைக்குத்தான் பார்க்கிறேன் என்று இங்கிலீஷில் சொல்லிச் சிரித்தார். விறகுச் செலவு ஏன் கூடியிருக்கிறது என்று கேட்டார். மார்கழி மழைக்கு விறகு நனைந்து இரண்டு மடங்கு எரிந்ததைச் சொன்னேன். டீசல் கேட்டார், சொன்னேன். உட்கார்ந்தே சொன்னேன். நானும் ஒரு பெரிய மனுஷன் மாதிரி கையை ஆட்டிப் பேசுவதை மொனிட்டரின் மூலையில் பார்த்து எனக்கே கொஞ்சம் பயமாக இருந்தது.

கடைசியில் சேர், நீங்கள் அங்கேயே இருந்து செய்யுங்கள், இங்கே வர வேண்டியதில்லை என்றார். மாற்று லெப்டொப் ஒன்றை அனுப்பிவைக்கிறோம், பழையதைக் கூரியரில் போட்டால் போதும் என்றார். கம்பனி அங்கீகரித்த டொக்கும் ஒன்று அதோடு வருமாம். அதில் எழுந்தாலும் உட்கார்ந்தாலும் ஒன்றும் ஆகாது என்று பிற்பாடு மிஸ் சொன்னார்.

சேர் கையாட்டிவிட்டு மறைந்தார். அவர் மறைந்த பிறகுதான், நாற்காலியும் இடுப்போடு ஒட்டியபடி, நான் எழுந்து நின்றேன். திரை அணைந்தது. மேசைக்கடியிலிருந்து என் மனைவி தவழ்ந்து வெளியே வந்து, முடிச்சை அவிழ்த்துவிட்டு, நேரமாச்சு என்று பிள்ளைமடுவத்துக்குப் போனாள். போகும்போது கண்ணைத் துடைத்தாளா, மூக்கைத் துடைத்தாளா என்று நான் கேட்கவில்லை.

அன்று பின்னேரம் நான் பாதிக் கணக்கில் இருந்தேன். பல எண்களை அடித்திருந்தேன், எதையும் சேமிக்கவில்லை; லெப்டொப் தூங்கினால் கொழும்போடு தொடர்பு அறுந்து, சேமிக்காதது எல்லாம் போய்விடும். குளிருக்குப் புலி மறுபடி மடியில். வாசலில் செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்டது. அவள் துவாயைத் தோளில் போட்டபடி உள்ளே வந்தாள்.

நான் எழுந்து நின்றேன். குதிகாலைச் சேர்த்து, சாரத்தை இறக்கிவிட்டு, ஒழுங்காக. கம்பளி சரிந்தது. நாற்காலி புஸ்ஸென்றது. பின்னால் திரை போனதை நான் திரும்பிப் பார்க்கவில்லை.

அவள் அணைந்த மொனிட்டரைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள்.

“கணக்குப் போச்சா?”

“போச்சு.”

“எவ்வளவு?”

“காலையில இருந்து செஞ்சது.”

அவள் துவாயை உதறி மெதுவாகக் கொடியில் போட்டாள். இன்னும் கொஞ்ச நேரம் என்னை நிற்கவிட்டாள்.

“சரி, உக்காருங்க,” என்றாள்.